திரும்பக் கழுவிய தட்டு

தம்பி, நீ போனில் கேட்ட கேள்விக்கு முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பச்சைத் தண்ணீர். மீன் வைத்த பாத்திரத்தை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். சுடுதண்ணீர் வேண்டுமென்றால் அதற்குப் பிறகு. இதை நான் சும்மா சொல்லவில்லை, செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நீ பேசிய மறுநாளே மன்னார்குடிக் கடைத்தெருவுக்குப் போய் அரைக்கிலோ மத்தி வாங்கிவந்தேன். குழம்பு வைத்து, ஒரே அளவில் இருந்த இரண்டு கிண்ணங்களில் ஊற்றிக் கொட்டி, காயவிட்டு, ஒன்றைப் பச்சைத் தண்ணீரிலும் மற்றதைக் கொதிக்கிற தண்ணீரிலும் கழுவினேன். சுடுதண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் வெள்ளையாக ஒரு படலம் வெந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஆவியோடு வாடையும் கிளம்பி வீடு முழுக்கச் சுற்றியது. பச்சைத் தண்ணீர்க் கிண்ணத்தில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. முட்டைக்கும் பாலுக்கும் இதே கதைதான். ஆக, அபிநயா செய்ததுதான் சரி, நீ செய்தது தப்பு. உன் கேள்வி அவ்வளவுதான் என்றால் இந்தக் கடிதத்தை இத்தோடு மடித்து வைத்துவிடலாம்.

கேள்வி அதுவல்ல என்று எனக்கு ஒரு நாள் கழித்துத்தான் தெரிந்தது. என் புத்தி அப்படி. "அப்பா, நீங்க லேப்ல இருந்தவங்க, நீங்களே சொல்லுங்க, மீன் சட்டிய சுடுதண்ணில கழுவணுமா, பச்சத்தண்ணில கழுவணுமா?" என்று நீ கேட்டதும் எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. முப்பத்தொரு வருடம் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டராக இருந்து கண்ணாடிச் சாமான்களைக் கழுவியவனிடம், கழுவுவதைப் பற்றி ஒருவன் கேட்டால் விடுவேனா? கொழுப்பு என்றேன், புரதம் என்றேன், நம் ஊர் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம், சென்னைத் தண்ணீர் எப்படி என்றேன். நீயும் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். போனை வைத்ததும் உன் அம்மா கேட்டாள். "புள்ள கொரலே சரியில்ல. நீங்க என்னமோ தண்ணி தண்ணின்னு பாடம் நடத்துறீங்க. அந்தப் பொண்ணு எங்கன்னு கேட்டீங்களா?" கேட்கவில்லை. மத்தி வாங்குவதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உன் அம்மாதான் அபிநயாவுக்குப் போன் செய்தாள். அப்போதுதான் அவள் வேதாரண்யம் பக்கம் தன் அம்மா வீட்டில் இருக்கிறாள், போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது என்று தெரிந்தது. கல்யாணமாகி ஏழு மாதம்கூட முடியவில்லை. என்ன சண்டை என்று கேட்டால், தட்டுமுட்டுச் சாமான் சண்டை. அவள் கழுவிக் கவிழ்த்து வைப்பதை நீ எடுத்துத் திரும்பக் கழுவுவாயாம். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள். அவள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்திருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா பஸ்ஸில் ஐஸ் வைத்துக் கொடுத்தனுப்பிய மீனைக் குழம்பு வைத்து, நீயும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டு, அவள் எல்லாவற்றையும் கழுவி முடித்த பிறகு, நீ ஒரு தட்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மொத்தத்தையும் தொட்டியில் திரும்பக் கொட்டி, "மீன் வாடை போவவே இல்ல" என்று சொல்லியிருக்கிறாய். சொல்லிவிட்டு கீசரைப் போட்டுச் சுடுதண்ணீர் பிடித்திருக்கிறாய். நீ கழுவி முடித்துத் திரும்பினபோது அவள் பையில் துணி வைத்துக்கொண்டிருந்தாள்.

நீ இதையெல்லாம் விட்டுவிட்டு, தண்ணீர் சூடா, பச்சையா என்பதை மட்டும் என்னிடம் கேட்டாய். நான் உன்னைக் குறை சொல்லமாட்டேன். உன் இடத்தில் நானிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். சரி என்று நிரூபித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற ஆள் நீ. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? அதனால்தான் இந்தக் கடிதம். உன் ஒருவனுக்கு மட்டும் என்றால் போனிலேயே சொல்லியிருப்பேன், பாதியில் மறுபடி உப்புத் தண்ணீருக்குப் போயிருப்பேன். நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். உன் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்க, ஒங்க பேர போடுவீங்களோ போடமாட்டீங்களோ, ஏம் பேர போடாதீங்க" என்றாள். ஆகவே யார் பேரும் இல்லை. அபிநயா என்பதும் அவள் சம்மதத்தோடு நான் வைத்த பெயர்தான்.

பாத்திரம் கழுவுவதில் இந்த உலகத்தில் எத்தனை கட்சிகள் இருக்கின்றன என்று நீ யோசித்ததுண்டா? நான் நிறைய யோசித்திருக்கிறேன். சாப்பிட்ட கையோடு கழுவ வேண்டும் என்பது ஒரு கட்சி, ஊற வைத்துக் கழுவ வேண்டும் என்பது ஒரு கட்சி. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுகிறவர்கள், வாளியில் மொண்டு கழுவுகிறவர்கள். டம்ளரில் தொடங்கிக் குக்கரில் முடிக்கிறவர்கள், பெரிய சாமானை முதலில் ஒழித்துவிட்டால் நிம்மதி என்கிறவர்கள். கவிழ்த்து வைப்பதா, நிமிர்த்தி வெயிலில் காய வைப்பதா, துணியால் துடைப்பதா என்பதில் மட்டும் மூன்று. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடத்தில் உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு மன்னார்குடியில் வாடகைக்கு வந்தபோது, ஒரு வீட்டுக்குள் இந்த எல்லாக் கட்சிகளும் கூடிவிட்டன. அவள் நிமிர்த்தி வைப்பாள், வெயில் உள்ளே விழ வேண்டும் என்பாள். நான் கவிழ்ப்பேன், தூசி விழக் கூடாது என்பேன். அவள் தேங்காய் நாரும் பாத்திரப் பொடியும்தான் தொடுவாள். நான் நாலு விதப் பிரஷ் வாங்கி வந்தேன். சோதனைக் குழாய் கழுவுகிற ஒல்லிப் பிரஷ் ஒன்றும் அதில் இருந்தது. "இதால எந்த ஏனத்த கழுவுறது, ஈர்க்குச்சியவா?" என்று கேட்டாள். அந்தச் சண்டைகள் எல்லாம் எனக்குப் பிடிக்கும். சிரித்துக்கொண்டே போட்ட சண்டைகள் அவை.

ஆய்வுக்கூடத்தில் எனக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கழுவிய கண்ணாடியைத் தண்ணீரோடு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் மெல்லிய ஏடாக ஒரே சீராக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அழுக்கைத் தண்ணீரே காட்டிக்கொடுக்கிறதே! வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான். உன் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தால் குடித்துவிட்டு, டம்ளரை அலசி, வாசலுக்கு எடுத்துப் போய்த் தூக்கிப் பார்ப்பேன். முத்து நின்றால் திரும்பக் கழுவுவேன். அவள் கழுவி அடுக்கியதிலிருந்தும் ஒன்றிரண்டை உருவிக் கழுவுவேன். குற்றம் சொல்ல வேண்டும் என்று இல்லை தம்பி, சத்தியமாக இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்புதான். ஆனால் அரிப்பு எனக்கு, கழுவியது அவள்.

நீ ஐந்து வயதில் கழுவிய பால் டம்ளரை ஈரத்தோடு எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாய். "அப்பா, முத்து இருக்கு" என்பாய். நான் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவேன். அந்த டம்ளரைக் கழுவியது நீயா, அம்மாவா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பெரும்பாலும் அவள் கழுவி வைத்ததைத்தான் நீ எடுத்துத் தூக்கிப் பார்ப்பாய் என்று இப்போது அவள் சொல்கிறாள்.

இனி அயோடின் கதை. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், ஆனால் உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. கல்யாணமாகி நாலாவது மாதம். உன் பெரியம்மா, அதுதான் உன் அம்மாவின் அக்கா, எங்களைப் பார்க்க வந்திருந்தார். மத்தியானம் சாப்பாடு முடிந்தது. அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டே பாத்திரம் கழுவி வைத்தார்கள். சோற்றில் இருக்கிற மாவுச் சத்தின்மேல் அயோடின் பட்டால் கருநீலமாகிவிடும், உனக்கும் பள்ளியில் காட்டியிருப்பார்கள். முதல் நாள்தான் அந்தச் சோதனைக்காக மாணவர்களுக்குக் கரைசல் கலக்கி வைத்திருந்தேன். புட்டியின் அடியில் மிஞ்சிய கொஞ்சத்தை, கேட்டுத்தான் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். கழுவிக் காய வைத்த தட்டு ஒன்றை எடுத்து ஓரத்தில் நாலு சொட்டு விட்டேன். மூன்று சொட்டு மஞ்சளாக நின்றது. விளிம்பு மடிந்த இடத்தில் விழுந்த நாலாவது சொட்டு மட்டும் கருநீலமாக மாறியது. "இங்க வந்து பாருங்க, இங்க வந்து பாருங்க!" என்று கத்தினேன். "கழுவுன தட்டு! பாருங்க, சோறு இருக்கு!" எனக்குக் கை தட்டாத குறை.

இரண்டு பேரும் வந்து பார்த்தார்கள். உன் அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. உன் பெரியம்மா தட்டைக் கையில் வாங்கி, அந்தக் கருநீலத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "பெரிய வீட்டுலயாவது தண்ணி தெளிச்சுத்தான் எடுத்துக்குவாங்க. மருந்து ஊத்திப் பாத்ததில்ல." சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துப் போய்க் கழுவினார். சாயந்தரம்வரை இருப்பேன் என்று வந்தவர் மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. அதுதான் என் தப்பிலேயே பெரிய தப்பு. உன் அம்மாவைப் பெற்றவர் பெரிய வீட்டில் பத்துப்பாத்திரம் தேய்த்தவர். கொல்லை வாசலோடு சரி, உள்ளே போகக் கூடாது. கிணற்றடியில் தேய்த்துப் பளபளவென்று அடுக்கி வைப்பார். வீட்டு அம்மா வந்து, அந்த அடுக்கின்மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பிறகுதான் கையால் தொட்டு எடுத்துப் போவார். எவ்வளவு தேய்த்தாலும் அந்த ஒரு செம்பு உண்டு. பெரியம்மாவும் உன் அம்மாவும் சின்னப் பிள்ளைகளாகக் கூட நின்று அதைப் பார்த்தவர்கள். இந்தக் கதை எனக்குத் தெரியும். என் அப்பாவும் அம்மாவும் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வயலோடு நின்றவர்கள், அவர்களுக்கும் டம்ளர் தனியாகத்தான் இருந்தது. எல்லாம் தெரிந்திருந்தும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அதுவும் இதுவும் ஒன்றா, அது தீட்டு, இது சுத்தம் என்று நினைத்தேன். அது மூடத்தனம், இது விஞ்ஞானம். செம்புத் தண்ணீர் ஊற்றுகிறவருக்குக் காரணம் கிடையாது, என்னிடம் காரணம் மட்டுமல்ல, நிறமும் இருந்தது. படித்தவர்களோடு பழகிய கர்வம் எனக்கு. தப்பு இருந்தது தட்டில், நான் அதைக் கண்டுபிடித்தேன், இதில் கோபிக்க என்ன இருக்கிறது என்று உண்மையிலேயே ஆச்சரியப்பட்டேன்.

அதன்பிறகு உன் அம்மாவிடம் ஒரு மாற்றம் வந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், காய்ந்து கிடக்கிற என் தட்டை எடுத்து, என் கண் எதிரிலேயே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அலசி, ஈரத்தோடு வைப்பாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் மூன்று தண்ணீர் அலசிய பிறகு, கடைசியாக டிஸ்டில்டு வாட்டர் ஒரு தடவை ஊற்றுவோம். உன் அம்மா அதைப் பிடித்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். "எங்க வீட்டுல லேப் சுத்தம்" என்று சொல்லாத ஆள் பாக்கியில்லை. நீ பிறந்து, பள்ளிக்குப் போய், கல்லூரிக்குப் போய், வேலைக்குப் போகிறவரை அந்த ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டே இருந்தாள். நாலு வருடம் முன்பு நான் ஓய்வுபெற்று, அவளுக்குத் தோள்பட்டை வலி என்று, கழுவுகிற வேலையை நான் வாங்கிக்கொண்ட அன்றோடு அது நின்றது. இதை நீ கவனித்திருக்கமாட்டாய். நானே கவனிக்கவில்லை.

இப்போது மத்திக் குழம்புச் சோதனைக்குத் திரும்பிப் போகலாம். அன்று இரண்டு கிண்ணத்தையும் உன் அம்மாவிடம் கொடுத்து, எதில் வாடை அதிகம் என்று முகர்ந்து சொல்லச் சொன்னேன். "ரெண்டுலயுந்தான் வருது. மீன் ஆக்குனா மீன் வாடைதான் வரும், மல்லிப்பூ வாடையா வரும்?" என்றாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. பிறகுதான் அபிநயா அவளிடம் போனில் சொன்னதைச் சொன்னாள். அந்தப் பெண் எட்டாம் வகுப்பு டவுன் பள்ளியில் சேர்ந்தபோது, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "மீன் வாடை" என்பார்களாம். அவள் அம்மா விடிகாலையில் எழுந்து, மீன் கூடை தொட்ட கையால் பிள்ளையின் சீருடையைத் தொடக் கூடாது என்று, எலுமிச்சைத் தோல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தலை பின்னிவிடுவாராம். பாத்திரத்துக்குப் பச்சைத் தண்ணீரும் புளிச் சக்கையும் அவளுக்கு அந்தக் கையிலிருந்து வந்த பழக்கம். நீ அந்தத் தட்டை முகர்ந்து பார்த்துச் சொன்ன வார்த்தை அந்தப் பெஞ்சில் கேட்ட அதே வார்த்தை. உனக்கு அது தெரியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அயோடின் ஊற்றிய அப்பனைவிட நீ ஒரு படி மேல்தான். ஆனால் இப்போது உனக்கும் தெரிந்துவிட்டது.

உன் அம்மா சொல்லி முடித்ததும் எனக்குச் சட்டென்று உன் பெரியம்மாவின் முகம் வந்தது. "அந்த அயோடின் ஊத்துன நாளு ஞாபகம் இருக்கா ஒனக்கு?" என்று கேட்டேன். "மறக்குற நாளா அது?" என்றாள். சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. "அன்னயிலேருந்துதான் ஒங்க தட்டுக்கு மட்டும் ஒரு சொம்பு ஊத்திக் குடுத்தேன். பெரிய வீட்டம்மா வந்து ஊத்துறதுக்கு முன்னாடி நாமளே ஊத்திருவோம்னு."

தம்பி, இருபத்தொன்பது வருடம். நான் விஞ்ஞானம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அந்த ஒரு சொம்புத் தண்ணீர் எது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. நான் வாய் விட்டு மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி, அரிசியில கல்லு இருக்கு, போயி கண்ணாடிய எடுத்தாங்க" என்றாள். கண்ணாடி எடுத்துக் கொடுத்தேன்.

கண்ணாடி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. தஞ்சாவூரில் காட்டினோம், தை பிறந்ததும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறார்கள். நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் கொஞ்சம் கலங்கல் வாய்க்கால் தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். டம்ளரைத் தூக்கிப் பார்த்தால் முத்து நிற்கிறதா, ஏடாக வழிகிறதா என்று தெரிவதில்லை. ஆனாலும் கை பழகிய கை, கழுவுவதில் குறை இருக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது.

அன்று சாயந்தரம் என் அரிப்பு என்னை விடவில்லை. இத்தனை பேர் கழுவியதைச் சோதித்தவன், என் கழுவலை ஒரு நாளும் சோதித்ததில்லையே என்று தோன்றியது. வீட்டில் புண்ணுக்குப் போடுகிற அயோடின் மருந்து இருந்தது. அதில் கொஞ்சத்தைத் தண்ணீரில் கலந்தேன். மத்தியானம் நான் என் கையால் கழுவிக் கவிழ்த்து வைத்த இரண்டு தட்டில் ஒன்றை எடுத்துச் சுற்றிலும் சொட்டு விட்டேன். எனக்குச் சரியாகத் தெரியாது என்பதால் உன் அம்மாவைக் கூப்பிட்டு, "நெறம் மாறுதா பாரு" என்றேன். அவள் குனிந்து பார்த்தாள். "மாறுது" என்றாள். "எங்க?" என்றேன். விரலை வைத்துக் காட்டினாள். இங்கே, இங்கே, விளிம்பு முழுக்க, நடுவில் இரண்டு இடம். ஒரு தட்டில் ஏழு இடம். அன்று அக்காவும் தங்கையும் சேர்ந்து கழுவிய தட்டில் ஒரே ஒரு இடம்தான்.

"எத்தன நாளா இப்புடி இருக்கு?" என்று கேட்டேன்.

"ஆறு மாசம் இருக்கும். புரை வந்ததுலேருந்து."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெனம் அதுலதானே சாப்புடுறேன், தெரியாதா?"

"ஏம்மா சொல்லல? சொல்லாட்டியும் போவுது, திரும்பக் கழுவியிருக்கலாம்ல?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கண் கலங்கலாக இருந்தாலும் அது எனக்குத் தெரிந்தது. "நீங்க கழுவுனத நான் திரும்பக் கழுவுறதா?" என்றாள்.

யோசித்துப் பார்க்கிறேன். அவளுக்கு அத்தனை உரிமையும் இருந்தது. இருபத்தொன்பது வருடத்து வஞ்சத்தை ஒரு செம்புத் தண்ணீரில் தீர்த்துக்கொண்டிருக்கலாம். ஆறு மாதமாகப் பருக்கை ஒட்டிய தட்டில் சாப்பிட்டிருக்கிறாள், ஏன்? எனக்கு முழுதாக விடை தெரியவில்லை. அன்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், ஆனால் அது மட்டுமல்ல என்று தோன்றுகிறது. கழுவி வைத்த ஒன்றின்மேல் தண்ணீர் ஊற்றினால் அது எங்கே போய்ப் படும் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். எனக்கு அறுபத்திரண்டு வயதாக வேண்டியிருந்தது. உனக்கு இருபத்தொன்பதிலேயே தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது.

சுத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வாயால் அது வராது. அழுக்கு இருந்தால் சொல், ஆனால் கழுவுவதற்கு முன்னால் சொல், அல்லது அடுத்த வேளை நீ கழுவு. கழுவி முடித்ததற்குப் பிறகு அதைத் தொட்டித் தண்ணீருக்குள் திரும்பப் போடாதே. தட்டில் இருக்கிற அழுக்கு அடுத்த கழுவலில் போய்விடும். திரும்பக் கழுவியது போகாது, அதற்கு எந்தப் பொடியும் நான் கேள்விப்படவில்லை.

வேதாரண்யம் போ. போன் செய்யாதே, வாட்ஸ்அப்பில் எழுதாதே, பச்சைத் தண்ணீர்தான் சரி என்று அப்பா நிரூபித்துவிட்டார் என்று அங்கே போய்ச் சொல்லாதே. நீ தோற்றதும்கூட அவளுக்கு ஒரு சோதனை முடிவாக வேண்டாம். மன்னிப்புக் கேள், அவளிடம் தனியாக ஒரு முறை, அவள் அம்மா காது கேட்க ஒரு முறை. மீன் போடுவார்கள், சாப்பிடு. சாப்பிட்டதும் பாத்திரம் கழுவ எழுந்திரு, மாப்பிள்ளையைக் கழுவ விடமாட்டார்கள், ஆனாலும் எழுந்திரு. விட்டால் நன்றாகக் கழுவு. நீ கழுவியதை யாராவது திரும்பக் கழுவினால் வாயை மூடிக்கொண்டு பார். அவள் உன்னோடு வருவாளா என்று என்னால் சொல்ல முடியாது, வர வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் தவித்துக்கொண்டிருக்கிறோம். அவள் வரவில்லை என்றால் அடுத்த வாரமும் போ.

அன்று ராத்திரிச் சாப்பாட்டோடு முடிக்கிறேன். மருந்து பட்ட தட்டை நான் சோப்புப் போட்டு மூன்று தண்ணீர் அலசி வைத்துவிட்டேன். மற்றொரு தட்டு அப்படியே கவிழ்ந்து கிடந்தது. அதே வாளியில், அதே கையால், அதே கண்ணோடு நான் கழுவியதுதான். அதையும் எடுக்கப் போனேன். "விடுங்க" என்று சொல்லி உன் அம்மா அதை எடுத்துக்கொண்டாள். விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த ஒரு பருக்கையை நகத்தால் சுரண்டிப் போட்டாள். பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அதைத் தொடாமல், அந்தத் தட்டிலேயே சோற்றைப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.